கறுப்புக் கல்லுக்கு நடுவே செம்மண்

அருள், மேரி, உங்கள் பூகோளப் புத்தகத்தில் சஹ்யாத்திரி மலை முழுக்கக் கெட்டியான கறுப்புப் பாறை என்று போட்டிருக்கிறது. பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன். செல்வராசு மாமா ஏன் கட்டை ஊன்றி நடக்கிறார் என்று கேட்பீர்களே, அதுவும் இதில்தான் இருக்கிறது.

1. பெட்டி

அறுபதுகளில் தாராவியில் குடியிருந்துகொண்டு நான் ஒரு டிரில்லிங் கம்பெனியில் ஹெல்பர். ஆபீஸ் செம்பூரில், வேலை கல்யாணைத் தாண்டி மலையில். மலையை வெட்டி ரோடு போடுவதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று துளை போட்டுப் பார்ப்பார்கள். மெஷின் கல்லை உருளை உருளையாக வெளியே எடுக்கும். அதற்குக் 'கோர்' என்று பெயர். வந்த வரிசையிலேயே மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். இன்ஜினியர் மலையைப் பார்க்க மாட்டார், பெட்டியைத்தான் பார்ப்பார்.

அந்த மலை ஒரே பாறை இல்லை. எரிமலைக் குழம்பு ஓடி இறுகி, ரொம்பக் காலம் கழித்து அதன்மேல் இன்னொன்று ஓடி, தோசைமேல் தோசை போட்ட மாதிரி உயர்ந்த மலை. நடுவே சில இடங்களில் ஒரு முழம் கனத்தில் செம்மண். மேலே ஓடிய நெருப்பில் வெந்த பழைய மண். காய்ந்தால் செங்கல், நனைந்தால் சோப்பு.

சூப்பர்வைசர் மாதவன் மாட்டுங்காக்காரர். இன்ஜினியர் வருகிற அன்று காலையில், "பெட்டியெல்லாம் பளிச்சுனு இருக்கணும், நல்லாக் கழுவு" என்றார். பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் தேய்த்தேன். சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அழுக்குப் போகிறது என்று நினைத்தேன், மடையன். முடித்துப் பார்த்தால் பெட்டியில் ஒரு முழம் காலி.

"சார், மண்ணு கரைஞ்சு போச்சு. இங்க செம்மண் இருந்துச்சுன்னு சொல்லிருங்க."

"சொன்னா இன்னும் நாலு துளை போடச் சொல்வாரு. கல்லை நெருக்கி வை."

"தப்பில்லையா சார்?"

"ஓஹோ, தாராவி யுனிவர்சிட்டி புரொஃபசரா நீ? நெருக்கி வைடா!"

நெருக்கி வைத்தேன். இன்ஜினியர் பார்த்து, நல்ல பாறை என்று எழுதிக்கொண்டு போனார்.

2. மழை

அந்த இடத்தில் மலையை வெட்டினார்கள். அதன் அடியிலேயே ஆட்கள் தங்க ஷெட். உங்கள் மாமாவும் அங்கேதான் இருந்தான். முதல் மழையில் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மச்சான், வேற இடத்துக்குப் போயிரு. மேல செம்மண்ணு கசியுது."

"மலை எந்திரிச்சு வருமாக்கும்? எல்லாம் கல்லு அத்தான். பெட்டியில நீங்கதான அடுக்குனிய!"

நெருக்கி வைத்ததைச் சொல்ல வெட்கம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, மேல்பாறை அந்தச் சோப்பில் வழுக்கி ஷெட்மேல் இறங்கியது. செல்வராசுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

விசாரணையில் மாதவன் சொன்னார்: "படிக்காத ஆளுங்க சார். கேக்காமக் கழுவிட்டாங்க."

"கழுவச் சொன்னதும் நீர்தான், நெருக்கச் சொன்னதும் நீர்தான்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"எழுத்துல இருக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. என் வாயையும் மன்னிக்கவில்லை. பிள்ளைகளே, காலியாக இருக்கிற இடத்தைக் காலியாகவே காட்டுங்கள். யார் மிரட்டினாலும் நெருக்கி வைக்காதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா வெள்ளை பெயின்டோடு தனியாக மலைக்குப் போனேன். 'இங்கே ஆபத்து' என்று மராத்தியில் எழுத எனக்குத் தெரியாது. வெட்டிய பக்கத்தில் செம்மண் தெரிந்த இடத்திலெல்லாம், கை எட்டிய மட்டும், கோடு இழுத்துக்கொண்டே நடந்தேன். கீழே இன்னும் ஆறு ஷெட் இருந்தன.