வாசற்கல்லுக்குப் போன காலை

வாசற்கல்லைப் பார்க்கப் போகவேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். இன்றுவரை யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கண்டக்குழிக்கு அப்பால், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் பாறை அது. நடுவில் அலை குடைந்த ஒரு வாசல். அமாவாசையிலும் போயா என்னும் பௌர்ணமியிலும் காலையில் கடல் நன்றாக வற்றினால் முழங்கால் தண்ணீரில் நடந்து போய், அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரலாம். அடுத்த தடவை கடல் வற்றும்போது கூட்டிப் போவதாக வாப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாப்பா கடலட்டை பிடிக்கும் சுழியோடி. அந்த நாள் வருவதற்குள் ஒரு காலை முருகைக்கல் பாறைப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. படகுகள் நாட்கணக்காகத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. ஆறு வயதுக்காரியான எனக்கு, வாப்பா தூரத்துக் கடலில் தொழிலுக்கு நிற்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் நம்பினேன்.

கணவன் மௌத்தானால் மனைவி வெள்ளை உடுத்து, நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்கவேண்டும். உம்மா இருக்கவில்லை. பூப்போட்ட சட்டையோடு முற்றம் கூட்டினார், கடைக்குப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அயல்வீட்டுப் பெண்கள் வந்து வந்து கேட்டார்கள். "மையத்தக் காட்டுங்க, இத்தா இருக்கிறன்" என்பார் உம்மா.

அந்தப் பக்கத்து நீரோட்டம் எதையும் வாசற்கல்லில்தான் கொண்டுவந்து சேர்க்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உம்மா தன் நானாவை, அதாவது என் மாமாவை, கூப்பிட்டார். "போய்ப் பாருங்க நானா. அங்க ஒண்டும் இரிக்காது. அப்பதான் இந்தச் சனம் அடங்கும்."

என் காதில் விழுந்தது வாசற்கல் என்ற சொல் மட்டும்தான். அன்றிலிருந்து மாமாவை நான் விடவில்லை. கலண்டரில் போயா நாளைக் கரிக்கட்டியால் வட்டமிட்டேன். அந்த நாள் வந்தபோது காற்றுக் கூடுதல் என்றார் மாமா. அமாவாசை வந்தபோது தண்ணீர் போதிய அளவு வற்றவில்லை என்றார். கடலில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு வற்றுக்கடல் கூடப் பார்க்கத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த போயாவன்று விடியவே எழும்பி, சிப்பி பொறுக்க ஒரு சொப்பிங் பேக்கையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை கூட இருந்தால் அதிகம் தேடவேண்டி வராது என்று அவர் நினைத்திருக்கலாம். கூட்டிப் போனார்.

கடல் அன்று சொன்னதைக் கேட்டதுபோல் விலகிக் கிடந்தது. மாமா வாசலுக்குள் குனிந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு காலால் எதையோ ஒரு பொந்துக்குள் தள்ளி, மேலே ஒரு கல்லை வைத்தார்.

"ஒண்டுமில்ல மகள். வாங்க போவம்."

சொன்னாரே தவிர நடக்கவில்லை. மறுபக்கம் திரும்பி நின்று முகம் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் நான் கல்லைப் புரட்டினேன். வாப்பாவின் சுழியோடும் கண்ணாடி! பட்டி அறுந்த இடத்தில் உம்மா சிவப்பு நைலோன் நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. தான் தள்ளியது என்னவென்று மாமா கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதைப் பையில் சிப்பிகளுக்கு அடியில் ஒளித்தேன்.

வீட்டு வாசலில் காத்து நின்ற உம்மாவிடம் மாமா, "நல்லாப் பாத்தன் தங்கச்சி. ஒண்டுமில்ல" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி உம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். பல நாட்களுக்குப் பிறகு தானாகச் சோறு போட்டு, மீன் ஆணம் ஊற்றி, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். நாலு வாய் போயிருக்கும். என் முந்திரிக்கொட்டைத்தனம் அதற்குமேல் பொறுக்கவில்லை.

"பாருங்க உம்மா! மாமாட கண்ணுக்குப் படல்ல. நான்தான் எடுத்தன்!"

உம்மா சோற்றுக் கையோடு அதை வாங்கினார். அந்தத் தையலை விரலால் தடவினார். நிமிர்ந்து தன் நானாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் என்னை ஏசவில்லை. உம்மா எழுந்து கையைக் கழுவி, அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். திரும்பி வந்தபோது வெள்ளை உடுத்திருந்தார். மாமா முற்றத்துக்கு இறங்கிப் போய்ச் சத்தமாக அழுதார்.

பெரியவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கண்ணாடி இல்லாமல் வாப்பாவால் தொழில் செய்ய முடியாது, அதைத் தேடிக்கொண்டு எப்படியும் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எனக்கு ஒரே சந்தோசம். பசியும் இருந்தது. உம்மா விட்டுப்போன சோற்றை நான் இழுத்து வைத்துச் சாப்பிட்டேன். பெரிய மீன் துண்டை மட்டும் வாப்பாவுக்கென்று சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.