வில்லுக்கு வைத்த சந்தனம்

துறைமுகத்தில் நான் ஓட்டுவது கிரேன், லீவு நாளில் விடுவது அம்பு. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்து, நாணும் கேபிளும் சுற்றிய காம்பவுண்டு வில். மாவட்டத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் தோற்றால் வில் பரணுக்குப் போய்விடும் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள்.

தேர்வுக்கு முதல் நாள் காலை திருவொற்றியூர் மைதானத்தில் அம்பெல்லாம் ஒரு சாண் கீழே போனது. ஆயுத பூஜை வரைக்கும் இலக்குப் பலகையின் நடு மஞ்சள் வட்டத்தில் குத்திக்கொண்டிருந்த வில்! கூட வந்திருந்தவன் கிரேன்களுக்கு இரும்பு ரோப் மாட்டும் என் கூட்டாளி. என்னை நாணை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, சக்கரங்களை உற்றுப் பார்த்தான்.

“மேல் சக்கரம் வந்து நின்னுடுச்சு மாமு, கீழ்ச் சக்கரம் இன்னும் வந்துகினே கீது. ரெண்டும் ஒண்ணா நிக்கணும்ல? கேபிள் நீண்டுக்கிச்சு. முறுக்கு ஏத்து.”

வில்லை வளைத்துப் பிடிக்கும் கருவியில் அழுத்தி, கேபிளைக் கழற்றி, இரண்டு முறுக்கு ஏற்றினேன். அம்பு பலகையைத் தாண்டிப் பின்சுவரில் போய் அடித்தது. ஒரு முறுக்கைக் குறைத்தேன். இடப்பக்கம் போனது.

“கொஞ்சம் கிரீஸ் போட்டுப் பாப்பமா?”

“உன் மூஞ்சில போடு” என்றேன். அழுகை வராத குறை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தையெல்லாம் அவளிடம் கொட்டினேன். “இன்னாமே, வில்ல யாரு தொட்டது? பரண்ல ஏத்த இப்பவே ரெடி பண்றியா?”

மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்து, வில்லைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாய்யா, சக்கரத்துப் பள்ளத்துல காஞ்ச சந்தனம் கீது?”

எங்கள் யார்டில் ஆயுத பூஜையன்று பொட்டு இல்லாத சக்கரமே இருக்கக் கூடாது. கிரேன் கப்பிக்குக் கை நிறைய அப்புவோம். அதே கையோடு வீட்டுக்கு வந்து வில்லுக்கும் அப்பியவன் நான்தான். கிரேனில் மணிக்கட்டு பருமன் ரோப் ஒரே சுற்றில் அதை அரைத்துத் தள்ளிவிடும். இங்கே நூல் போன்ற கேபிள், பள்ளத்தில் இறங்க வழியில்லாமல் சந்தனத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ரோப் மாட்டும் முன் பள்ளத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானும் கூட்டாளியும் அன்று பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கேபிளை நான் கழற்ற, பழைய டூத் பிரஷ்ஷால் அவள் தேய்த்துக் கொடுத்தாள். ஏற்றிய முறுக்கை இறக்கினேன். மறுநாள் தேர்வாகிவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் மீன் குழம்புதான் கேட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டதும் பிடுங்கிக்கொண்டாள்.

“வில்லுக்கு வேணாம். கோளாறு கீற எடத்துல வெக்கிறேன்” என்று என் நெற்றியில் ஓர் அப்பு அப்பினாள்.

பக்கத்தில் நின்ற கூட்டாளி, யாரும் சொல்லாமலேயே குனிந்து நெற்றியை நீட்டினான்.