கொழும்பில் ஒரு கலியாணம்

என்னுடைய இளைய மகன் கட்டாருக்குப் புறப்பட்ட அன்று காலை, தொலைபேசியில் ஒருவர் அவன் எங்கே என்று என்னிடம் கேட்டார். கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். அப்படி ஒரு கலியாணம் இல்லை. அந்த ஒரு வசனத்தால் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் பகுதியில் ஒருவர் வெளிநாடு போவதை அவர் போய்ச் சேரும்வரை வெளியே சொல்ல மாட்டோம். கேட்டால் கொழும்புக்கு என்போம். ஒரு பொடியனைச் சில நாட்களாகக் காணவில்லை, வீட்டார் "கொழும்பில நிக்கிறான்" என்கிறார்கள் என்றால் ஊருக்கு விளங்கிவிடும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை அவர்கள் வீட்டுப் பிள்ளை போகும்போது நாங்களும் கேட்க மாட்டோம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. யாராவது அதிகாரிகளுக்குப் பெட்டிசம், அதாவது மொட்டைக்கடிதம், எழுதிவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. கையெழுத்தில்லாத ஒரு பெட்டிசம் போய்விட்டால், பயணம் நின்றுவிடும் என்று நாங்கள் நம்பினோம். நின்றும் இருக்கிறது.

ஆகவே மகனுக்குப் பயணப்பெட்டி வாங்கியபோது, அதை உரப்பைக்குள் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கிளிநொச்சி ரவுணிலிருந்து கொண்டுவந்தேன். படலையடியில் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். கணவனை இழந்தவள், வாய்க்காரி.

"என்ன மாஸ்டர், மழைக்கு முன்னமே உரம் எடுத்தாச்சுப் போல?"

"ஓம், பிறகு தட்டுப்பாடு வந்தாலும் எண்டு."

அவள் பையைச் சுற்றிப் பார்த்தாள். அடிப்பக்கம் கிழிந்து, பெட்டியை உருட்டும் இரண்டு சில்லுகள் வெளியே தெரிந்தன.

"நல்ல உரம்தான். சில்லு வைச்ச உரம். தானே ஓடிப்போய் வயலுக்கை விழும்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் உள்ளே போனாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்கும் தெரியும்.

மகன் வீடுகளுக்கு மின்சார வயறிங் வேலை செய்பவன். மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கே வீடு கட்டினாலும் கூப்பிடுவார்கள். ஆனால் விலைகள் ஏறிய பிறகு கட்டத் தொடங்கிய வீடுகள் பாதியில் நின்றன. எங்கள் நெல்லுக்கும் ஏற்ற விலை இல்லை. அரசாங்கம் மாறியபோது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பிறகு பழையபடி சாய்ந்துகொண்டோம். அவனுக்கு வேறொரு பாரமும் இருந்தது. போரின் கடைசி மாதங்களில், பத்தொன்பது வயதில், அவன் இயக்கத்தில் இருந்தான். விரும்பிப் போனவனல்ல. போர் முடிந்ததும் புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தான். அதன் பிறகு சிவில் உடையில் புலனாய்வுக்காரர் யாராவது வந்து விசாரித்துவிட்டுப் போவது எங்கள் வீட்டில் தபால்காரர் வருவதுபோல ஆகிவிட்டது. பெண் பார்த்த இரண்டு இடத்தில் "புனர்வாழ்வுப் பொடியனோ" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

வந்துபோனவர்களில் ஒருவர் சில வருடங்களாக எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். சிங்களவர். தமிழ் படித்திருந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து தேநீர் குடிப்பார். என்னை ஐயா என்பார். அவரோடு பேசுவது என் வேலை. மகனை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு நான் முன்னால் வருவேன். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான், எனக்குச் சிங்களமும் கொஞ்சம் தெரியும். இடைக்கிடை ஒரு சொல் போடுவேன். அவர் போனதும் மனைவி, "நீங்கள் எண்டபடியால் சமாளிக்கிறியள்" என்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. இவர்களுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மகள் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்கிற நைஜீரியாக்காரப் பெண்ணைப் பற்றி அடிக்கடி சொல்வாள். அன்றும் அந்தப் பேச்சு வந்தது.

"அப்பா, அவாவின்ர ஊரிலையும் எங்கட கதைதான். கரண்ட் நிண்டா எப்ப வருமெண்டு தெரியாதாம். ரோட்டில மறிச்சு மறிச்சுக் காசு கேக்கிறாங்களாம். பஸ்ஸோட ஆக்களைக் கடத்துறதும் நடக்குதாம். பொலிசைக் கூப்பிட்டா வராதாம்."

"எங்களுக்குக் கூப்பிடாமலே வருது" என்றேன்.

"அதைத்தான் நானும் சொன்னனான், விழுந்து விழுந்து சிரிச்சா. இன்னொண்டு கேளுங்கோ. அவையும் வெளியில போகேக்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டினமாம். ஊர்ச்சனத்தின்ர கண் பட்டிடுமாம். பிளேன் இறங்கி, குளிருக்கை நிண்டு படம் எடுத்து அனுப்பின பிறகுதான் சொந்தக்காரருக்கே தெரியுமாம்."

குசினியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அப்ப அவையும் எங்கட ஆக்கள்தான்!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மகன்கூடச் சிரித்தான். எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சிரித்தது அதற்குப் பிறகு நினைவில் இல்லை.

மறுநாள் விடிய வாடகை வான் வந்தது. வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. கண்டி வீதியில் நிற்கச் சொல்லியிருந்தோம். நான் மகனைப் பெட்டியோடு அங்கே கொண்டுபோய் விட்டேன். "போயிட்டு வாறன் அப்பா" என்றான். விமானம் இரவுதான். வீடு திரும்பித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, விறாந்தைக்கு வந்துபோகிற அவரிடமிருந்து அந்த அழைப்பு வந்தது.

"ஐயா, சுகமா? மகன் வீட்டுல இருக்கா?"

"இல்லை தம்பி. கொழும்புக்குப் போட்டார்."

"கொழும்புல என்ன?"

"கூட்டாளி ஒருத்தற்ற கலியாணம்."

"கலியாணம்?" தாள் புரளும் சத்தம் கேட்டது. "எப்ப வருவார்?"

"ரெண்டு மூண்டு நாளில."

"சரி ஐயா. நல்லம்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். சமாளித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

அன்றிரவு விமானத்தில் மகன் ஏறவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வாய்க்கால் பாதையால் நடந்து வந்தான். கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்களாம். கேள்விகள் கேட்டார்களாம். விமானம் போன பிறகு விட்டார்களாம். கடவுச்சீட்டை வைத்துக்கொண்டார்கள். அவன் சொன்னது அவ்வளவுதான். பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு கிழமைகள் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் கூசுகிறது. மகன் திரும்பிவிட்டதால் இனி மறைக்க எதுவும் இல்லை என்று, கண்டவர்களிடமெல்லாம் பேசினேன். அரசாங்கம் மாறினாலும் ஆட்கள் மாறவில்லை என்றேன். புனர்வாழ்வு என்று சொல்லி விடுவித்தவனை ஏன் இன்னும் பின்தொடர வேண்டும் என்று கேட்டேன். தமிழன் இந்த நாட்டில் இருக்கவும் விடமாட்டார்கள், போகவும் விடமாட்டார்கள் என்றேன். சொன்னதில் பொய் அதிகம் இல்லை. கேட்டவர்கள் ஆமோதித்தார்கள். எனக்குப் பேச்சு நன்றாக வரும். மகன் அருகில் இருந்து சுவிட்சுப் பெட்டி ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். அவளுக்கும் அதே பேச்சைத் தொடங்கினேன்.

"காரணமே இல்லாமல் மறிச்சிருக்கிறாங்கள். ஒரு காரணம் சொன்னவங்களோ எண்டு இவனைக் கேட்டுப் பாருங்கோ."

மகன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"கலியாணம் யாருக்கெண்டு கேட்டவங்கள், அப்பா."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"என்ன கலியாணம்?"

"நீங்கள் சொன்ன கலியாணம். மாப்பிள்ளையின்ர பேர் என்ன, எந்த மண்டபம் எண்டு கேட்டாங்கள். நான் வேலைக்குப் போறன் எண்டன். அப்பா கலியாணம் எண்டுறார், நீ வேலை எண்டுற, ஆர் பொய் சொல்லுறது எண்டாங்கள்."

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டாள். அவள் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ என்ன சொன்னனீ?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? நான் போறதுக்கு முதல் கிழமையே எங்கட வீட்டை வாற அவரின்ர ஒபிசுக்குப் போய் எல்லாம் சொன்னனான். வீசாவின்ர போட்டோக்கொப்பியும் குடுத்தனான். பிரச்சினை இல்லை, எண்டாலும் வீட்டையும் ஒருக்காக் கேட்டு எழுதிப் போடுவன் எண்டு அவர் சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன். தானாகப் போய் அவர்களிடம் சொல்வது மடத்தனம் என்று கத்தியிருப்பேன். அவன் தன் வயதுக்குரிய அறிவோடு நேர்வழியில் போயிருக்கிறான். உண்மையான வேலை, உண்மையான வீசா, கேட்கவேண்டியவர்களிடம் கேட்டுப் பெற்ற சம்மதம். ஊர்ச்சனத்துக்குச் சொல்கிற பொய்யை நான் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஊரில் அந்தப் பொய்யை யாரும் நம்புவதில்லை. அதனால் அது யாருக்கும் கேடு செய்வதில்லை. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. விமான நிலையத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அத்தனை நாளும் நான் அரசாங்கத்தைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். என்னை மற்றவர்கள் முன் குறைத்துவிடக் கூடாது என்று இருந்தானா, பேசிப் பிரயோசனம் இல்லை என்று இருந்தானா, எனக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

அடுத்த நாள் நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மகன் வரவில்லை. அந்த மனிதர் எனக்குக் கதிரை போட்டார்.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பொய். கலியாணம் ஒண்டும் இல்லை. மகன் உங்களுக்குச் சொன்னதுதான் உண்மை."

"ஏன் ஐயா பொய் சொன்ன?"

நான் விளக்கத் தொடங்கினேன். கண்ணூறு என்றேன். அந்தச் சொல் அவருக்கு விளங்கியது. அவர்களிடமும் உண்டு என்றார். பெட்டிசம் என்றேன். அதற்குச் சிரித்தார். எங்களுக்கு அது வழக்கம் என்றேன்.

"எங்களுக்குச் சொல்லாம வெளிநாடு போறது வழக்கம்?"

"அப்படி இல்லைத் தம்பி."

"ஐயா படிச்ச ஆள். பிரின்சிபல். நான் ஐயா சொன்னத நம்பி மேல அனுப்பிட்டேன். இப்ப வேற சொல்றீங்க. எது பொய் எண்டு நான் எப்பிடி எழுதுற?"

அவர் குரலில் கோபம் இல்லை. பாதிப் பொறுப்பு அவருக்கும் உண்டு, ஒரு கலியாணப் பொய்க்காக ஒருவனின் கடவுச்சீட்டைப் பறிப்பது அநியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரணை முடிய வேண்டும் என்றார். மேலே இருப்பவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார். வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

கட்டார் வேலைக்கு அவர்கள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். வீசாவின் காலமும் முடிந்தது. மகனைக் கொழும்புக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள், போனான். திரும்பவும் கூப்பிட்டார்கள், போனான். கடவுச்சீட்டு நெடுநாளைக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அது வந்த பிறகு அவன் வயறிங் வேலைக்குப் போவதைக் குறைத்தான். முற்றத்தில் நின்று யாரோடோ தொலைபேசியில் மெதுவாகப் பேசுவான். நான் பக்கத்தில் போனால், "பிறகு எடுக்கிறன் அண்ணை" என்று நிறுத்துவான்.

பிறகு ஒருநாள் நான் வயலிலிருந்து வந்தபோது அவனுடைய செருப்பு வாசலில் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

"எங்கை அவன்?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

"கொழும்புக்கு" என்றாள்.

ஊருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். ஊர் செய்வதைப்போல நானும் மேலே கேட்கவில்லை.

இது நடந்து இப்போது ஏழெட்டு மாதம். அவன் ஏஜென்சிக்காரர் யாரையோ பிடித்துப் போயிருக்கிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நேர்வழி இருந்தபோது அதை நான் அடைத்தேன். அவன் இந்த வழியைத் தேடிக்கொண்டான். எல்லையில் பிடிபட்டவர்கள், லொறிக்குள் மூச்சடைத்தவர்கள், வேலை என்று கூட்டிப்போய் வேறொரு நாட்டின் போரில் நிறுத்தப்பட்டவர்கள் என்று செய்திகளில் வரும்போது மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறாள். அந்த நேரங்களில் அவளுடைய முகத்தைப் பார்த்தால், அவன் இன்னும் எங்கேயும் சேரவில்லை என்று விளங்குகிறது. மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னோடு மழையைப் பற்றியும் என் கால்வலியைப் பற்றியும் பேசுகிறாள்.

அந்த மனிதர் இடமாற்றத்தில் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஒருமுறை எடுத்து, மகன் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சில நாட்களில் மனைவியின் தொலைபேசி அடிக்கும். அவள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அவன்தான் என்று எனக்கு விளங்கும். என்னைப் போகச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் நடக்கிறேன். அவள் பேசி முடித்து, முற்றத்துக்கு வந்து கோழிகளுக்குத் தீன் போடுவது தெரியும்வரை வரம்பில் நிற்கிறேன். திரும்பி வரும்போது அவளுடைய கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சிவந்திருக்காத நாட்களில் எனக்குப் பசிக்கிறது.