அக்கா பூசிய சுவர்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே ஜிப்சம் போர்டில் ஒரு சுவர் எழுந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. சின்னசேலத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள், வருகிறவர்கள் உட்கார்ந்ததும் அடுப்படி கண்ணில் படக்கூடாது என்பது அப்பாவின் கவலை. சென்னையில் ஆபீஸ்களுக்குத் தடுப்பு அடிக்கும் மாமா கச்சிராயபாளையம் வந்து, இரண்டே நாளில் போர்டுகளை நிறுத்தித் திருகாணி முடுக்கினார். போர்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தெரிந்த கோடுகளை மறைப்பதற்குள் முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது. வேலையை அக்காவுக்குச் செய்து காட்டி, பூசுகிற பட்டி மாவு மூட்டையையும் வழிக்கிற தகட்டையும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். அப்பா அதைத் தடுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை.

கோட்டின் மேல் பட்டியை இழுத்து, ஈரத்திலேயே காகித டேப்பை அழுத்தி வழித்தாள். அது காய ஒரு நாள். அதன் மேல் இன்னும் அகலமாக ஒரு பூச்சு, மறுபடி ஒரு நாள். அதைவிட அகலமாக மூன்றாவது. கடைசியில் உப்புத்தாளால் தேய்த்தபோது வீடே மாவுமில் மாதிரி ஆனது.

சோதிப்பது என் வேலை. ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் சின்ன மேடுகூட நிழலாக விழும். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. நான் கண்டுபிடித்த ஒவ்வொரு குறைக்கும் அக்கா கடலை மிட்டாய் தந்தாள்.

“இன்னாம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?” என்றார் அப்பா.

“கோடு தெரியுதுப்பா. வர்றவங்க பலகைன்னு கண்டுபுடிச்சிடுவாங்க.”

அப்பா உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கரும்பு வெட்டிக் காய்த்த அந்தக் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நான் டார்ச் அடித்து மேட்டைக் காட்டினேன். வரப்பு கோணினாலே பொறுக்காத மனிதர், சின்னசேலத்துக்குப் போன் போட்டு ஒரு வாரம் தள்ளி வைத்தார். அடுத்த வாரம் மலையில் மழை பிடித்துக்கொள்ள, ஈரக் காற்றில் பட்டி காயவில்லை. அதுவும் தள்ளிப்போனது.

மூன்றாவது வாரம் சுவரில் ஒரு குறைகூட இல்லை. நான் மார்தட்டிச் சொன்னேன். அக்காவின் முகம்தான் விழுந்துவிட்டது. அப்பா அவர்களை வரச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், நடுக் கோட்டில் ஒரு முழ நீளத்துக்கு டேப் உரிந்து தொங்கியது.

“இன்னாடி பாத்த நீ? டேப்பு தூக்கிக்கினு நிக்குது பாரு,” என்றாள் அக்கா. அவள் நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி.

அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. வயலுக்கே ஓடிப்போய் நான்தான் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அந்த ஞாயிறும் தள்ளிப்போயிற்று. புதன்கிழமை சேலத்தில் அக்காவுக்கு இடம் கிடைத்ததாகத் தகவல் வந்தது. அப்பா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சின்னசேலத்துக்குப் போன் போட்டு, “பொண்ணு படிக்கப் போவுதுங்க, அப்பால பாத்துக்கலாம்,” என்றார்.

அதன் பிறகு நாலே நாள். உரிந்த இடத்தை அக்கா பூசித் தேய்த்து முடித்தாள். எந்தப் பக்கம் டார்ச் அடித்தாலும் சுவர் ஒரே பலகையாகத் தெரிந்தது. இதை முதல் வாரமே செய்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். எங்கள் அக்காவுக்கு ஒரு வேலையை முடிக்கவே ஒரு மாதம் ஆகும், நர்ஸ் படிப்பெல்லாம் எப்படித்தான் படிப்பாளோ என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.