கம்பிளிப்பாறையின் மிருகங்கள்

ஒரு பாறையை உடைத்தால் எத்தனை லோடு ஜல்லி தேறும் என்று கணக்குப் போடத்தான் என்னை அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுவில், டிப்ளமோ முடித்த கையோடு, தேவிகுளத்தில் சாலை வேலை அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். தேயிலை எஸ்டேட்டின் கீழ்க்கோடிக்குப் புதுச் சாலை போட கல் வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நனைந்த கம்பிளிகளை உலர்த்தும் அகலமான பாறை ஒன்று அதற்குத் தோதாகப் படுத்திருந்தது. கம்பிளிப்பாறை என்றே அதற்குப் பெயர்.

நான் போனபோது அப்போதுதான் வெயில் மலையைத் தாண்டி, பாறைமேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. டேப்பை விரிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பாறை முழுக்க மிருகங்கள். கல்லால் கல்லைக் கொத்தி எந்தக் காலத்திலோ யாரோ வரைந்தவை. ஜல்லிக் கணக்குக்கு வைத்திருந்த தாளில் எண் போட்டு எழுதத் தொடங்கினேன்: ஒன்று, மான். இரண்டு, மான். மூன்று, கை விரித்த மனிதன். நான்கு, மான் (சந்தேகம்). வெயில் ஏறியது. பட்டியல் இருந்தது, மிருகங்கள் இல்லை. கோடுகளுக்கு ஆழமில்லை. நிழல் விழுந்தால்தான் தெரியும், சூரியன் உச்சிக்கு வந்தால் வெறும் பாறைதான்.

எங்கள் பொறியாளரிடம் சொன்னேன். வாளையார்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். மறுப்பதையும் மரியாதையாகத்தான் மறுப்பார்.

"திங்கக்கெழம மருந்து வெச்சு ஒடைக்கறாங்க. சனிக்கெழம மத்தியானம் நான் வந்து பாக்கறனுங்க. என்ற கண்ணுக்குத் தெரிஞ்சா உட்டுர்லாம். தெரியாட்டி அப்பறம் ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்க."

மத்தியானம்! பறிப்புக் கூட்டத்தில் வாய் அதிகமுள்ள அக்காவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன்.

"சுண்ணாம்ப எடுத்து கோட்டுமேல இழுத்து விட்டுருவமா டீச்சரம்மா? பளிச்சின்னு தெரியும்லா." கையில் பேனா இருந்தால் அவர்களுக்கு டீச்சர்தான்.

"அப்புறம் நாமளே வரைஞ்சோம்னு சொல்லிடுவாரு அக்கா. தொடவே கூடாது."

"அப்போ வெயில் சாயுத மட்டும் அவரப் பிடிச்சு வைக்கணும். அம்புட்டுத்தான? அத எங்ககிட்ட விடுங்க."

பிடித்துத்தான் வைத்தார்கள். ஜீப் வந்து நின்றதும் டீ. பிறகு அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்க்க அழைத்துப் போனார்கள். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே பார்த்தார். பிறகு மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும். கிளம்ப எழுந்தபோது டிரைவரைக் காணவில்லை. அவரை வேறொரு வீட்டில் உட்கார வைத்து இன்னொரு கிழங்குத் தட்டை நீட்டியிருந்தார்கள். கடைசியாக அக்கா, கோயில் மணிக்கூண்டு சாய்ந்திருக்கிறதா என்று பெரிய இஞ்சினியர்தான் சொல்லவேண்டும் என்றாள். எந்தப் பொறியாளர் அதற்குப் பிறகு கிளம்புவார்? என் பையிலிருந்த தூக்குக்குண்டை வாங்கி நான்கு பக்கமும் பிடித்துப் பார்த்தார். மணிக்கூண்டு சாயவில்லை. சூரியன்தான் சாய்ந்தது.

வெற்றி என்று நினைத்தபடி பாறைக்கு இறங்கினோம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எதிரே ஏறி வந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் இருந்த சுவடே இல்லை.

"எங்கீங்க மான்?"

"நாலாம் நம்பர் உங்க செருப்புக்கு அடியில இருக்கு சார்."

துள்ளி விலகி, குனிந்து பார்த்தார். "வெறும் பாறைங்க. பாத்தாச்சு, போலாங்களா?"

அக்கா தலையோடு போர்த்தியிருந்த கம்பிளியையே பார்த்தேன். சூரியனிடம் எனக்கு வேண்டியிருந்தது அதன் சாய்வு மட்டும்தானே. ஜீப்பிலிருந்து டார்ச்சை எடுத்துவரச் சொன்னேன்.

"சார், கொஞ்சம் படுக்கணும்."

"யாருங்க?"

"நீங்கதான் சார். கம்பிளிக்குள்ள இருட்டா இருக்கும். டார்ச்ச பாறையோட பாறையா வச்சு அடிச்சா தெரியும்."

"ஏனுங்க, சனம் பாத்தா சிரிக்குமுங்க."

"இங்க சனம் ஏது?" என்றாள் அக்கா. "நாங்க மட்டுந்தான சிரிப்போம். படுங்கய்யா."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்தார். அக்கா கம்பிளியை அவர் தலைமேல் கூடாரமாகப் பிடித்தாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும். பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள். கம்பிளியின் ஓரத்தில் டார்ச் வெளிச்சம் எதிலும் நிற்காமல் அலைந்தது. திங்கட்கிழமை மருந்து வெடிக்கும் ஓசை என் காதில் கேட்டுவிட்டது.

அப்புறம் கம்பிளி பேசியது.

"இதென்னுங்க, மானுன்னீங்க? மானுக்கு ஏதுங்க திமிலு? இது காளைங்க! கொம்பப் பாருங்க, நல்ல சாதி மாடு!" சற்றே நிறுத்தி, "இதுமேலயாங்க நான் செருப்போட நின்னேன்?"

கம்பிளிக்குள்ளிருந்து ஒரு கை பின்னால் நீண்டு, காலைத் தடவி, ஒரு செருப்பைக் கழற்றித் தூர எறிந்தது. பிறகு மற்றதை.

அதற்குப் பிறகு அவர் வெளியே வருவதாக இல்லை. மூன்றாம் நம்பரைப் பார்க்க முட்டிபோட்டு நகர்ந்தார். கம்பிளியும் அக்காவும் கூடவே நகர்ந்தார்கள். "அய்யா, எனக்குக் குளிருது, என் கம்பிளிய எப்பத் தருவிய?" என்று அவள் கேட்டதற்கு, "இருங்க, இருங்க" என்றுதான் பதில் வந்தது.

மருந்து கீழேயிருந்த வேறொரு பாறைக்குப் போனது. அதையும் முதலில் காலை வெயிலில் என்னைப் பார்க்கச் சொன்னார்; அதற்குப் பிறகே மருந்து வைக்கவேண்டும் என்று உத்தரவு. கம்பிளிப்பாறையின் கோடுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் தாளில் படியெடுக்கவும் எனக்கு அனுமதி கிடைத்தது. நாலாம் நம்பரை அடித்துக் 'காளை' என்று திருத்தினேன்.

"ரிப்போர்ட்டுல எப்பிடிப் பாத்தேன்னு மட்டும் எழுத வேண்டாமுங்க" என்றார் ஜீப்பில். 'மிக நெருக்கமாக ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதினேன். படித்துப் பார்த்து, என்னை ஒருமுறை பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

கம்பிளியில் ஆபீசர் தலையெண்ணெய் வாசம் போகவே மாட்டேன் என்கிறது என்று அக்கா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். துவைக்கவும் இல்லை. அந்தக் கதையைச் சொல்ல அவளுக்கு வாசம் வேண்டியிருந்தது.