நாலாவது பட்டை

டிங்கரிங் பட்டறையில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை. நசுங்கிய கார் கதவை நாலே அடியில் நேராக்குகிற கை. வம்பு பேசிய பெயிண்டரின் பல்லைக் கழற்றியதும் அதே கைதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியை அடித்துத்தான் வளர்த்தாள். தோளுக்கு மேல் வளர்ந்ததும் அவனும் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, ஆறு வருடமாக இரண்டு பேரும் ஓர் ஆள் உட்காரும் விமானம் கட்டிய லட்சணமும் அதுதான். தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியை அவள் அடிப்பாள், மறுபக்கம் அவன் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிப்பான். ஒரு ரிவெட் கோணினால் போதும், கையில் இருப்பது பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பறக்கப்போவதாக அவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். சனிக்கிழமை காலை, இறக்கையை உடம்போடு பிணைக்கிற நாலு அலுமினியப் பட்டைகளையும் அவள் துடைத்துப் பார்த்தாள். நாலாவதன் மடிப்பில் மட்டும் பெயிண்ட். நகத்தால் சுரண்டினாள். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கீறல்.

அவன் பிழைப்பு இரும்புக் கேட் செய்வது. இரும்பில் அளவுக்கோட்டை ஊசியால் கீறினால் ஒன்றும் ஆகாது. அலுமினியத்தில் கீறி, அந்தக் கீறலிலேயே மடித்தால், நாலு குலுக்கலில் அங்கேதான் பிளக்கும். அதனால் கொட்டகையில் கோடு போட ஸ்கெட்ச் பேனா மட்டும்தான். பேனா காய்ந்து போச்சாம். கைப்பழக்கத்தில் ஊசியை எடுத்துவிட்டானாம். புதுப் பட்டைக்குத் தகடு வந்து சேர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று பெயிண்டைப் பூசி மறைத்தானாம். இதையெல்லாம், அவள் அவன் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்திய பிறகுதான் கக்கினான்.

"ஒரே ஒரு தடவைதான்க்கா. தாங்கும்."

"தாங்கலைன்னா உன்னை எங்கடா போய்ப் பொறுக்குறது?"

உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள், நாளைக்குப் பறந்தே தீருவேன் என்று அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் மூலையில் கிடந்த பெரிய சம்மட்டியை எடுத்தாள்.

முதல் அடியில் இறக்கையின் தகடு கிழிந்தது. அவன் அவள் தலைமுடியைப் பற்றிக் கீழே தள்ளி, விலாவில் உதைத்தான். எழுந்து மறுபடி ஓங்கினாள். அவன் பைப் ரெஞ்சால் அவள் வலது மணிக்கட்டில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. அவள் சம்மட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பட்டைகள் மேல் இறக்கினாள்.

இறக்கை ஒரு பக்கமாகச் சரிந்தது. மூன்று பட்டைகள் வளைந்ததோடு சரி. நாலாவது, கீறலோடு கீறலாக, கத்தரித்த காகிதம் மாதிரி இரண்டாகிக் கிடந்தது.

அவன் ஒரு துண்டை எடுத்து, முறிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். ரெஞ்சு எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

"நாளைக்கு இந்நேரம் நான்..." என்றான்.

அவளுக்கு ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. இடது கையால் அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள்.

"நாளைக்கு இந்நேரம் எனக்கு மாவுக்கட்டு போட்டிருப்பாங்க. நீதான் சோறு ஊட்டி விடணும். போய் வண்டியை எடு."