எதிர்வண்டி வராத ரோடு

முப்பத்தோரு வருஷம் ஒரே மலையை ஏறி இறங்கினவன் நான். திருப்பதியிலிருந்து திருமலைக்கு பஸ் ஓட்டினேன். ஒரு நாளைக்கு நாலு நடை, கூட்டம் இருந்தால் அஞ்சு. அந்த மலையில் ஏறுவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு வேறு ரோடு. ஏறும்போதும் எதிரே வண்டி வராது, இறங்கும்போதும் வராது. ரோடு மொத்தமும் நம்முடையதுதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு நடந்ததெல்லாம் இதனால் வந்த வினை.

ரிட்டயர் ஆகி மூன்று வருஷம், வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். புத்தூர் வீட்டில் ஓட்டல் இட்லியைத் தின்றுகொண்டு, டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு, என் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தேன். மகள் ஆஸ்திரேலியாவில் நர்ஸ். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை, இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டால், வெதுருகுப்பத்தில் கரும்பையும் மாட்டையும் யாரிடம் விட்டு வருவேன் என்று கையை விரித்துவிட்டாள். கடைசியில் நான்தான் மிஞ்சினேன். நீயாவது வா நைனா என்று மகள் போனில் சொன்ன குரலுக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, விமானம் ஏறிவிட்டேன்.

வந்து இரண்டே மாசத்தில் சலித்துப் போனேன். ராத்திரியெல்லாம் குழந்தை அழும், பகலெல்லாம் வீடு செத்துக் கிடக்கும். தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. பேச்சுத் துணைக்குத் துணி துவைக்கிற மிஷின்தான், அதுவும் துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடிவிட்டு அடங்கிவிடும். எப்போது ஊருக்குப் போவது என்று தினம் இரண்டு தடவையாவது வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். மகள் பதில் சொல்ல மாட்டாள்.

பதில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பிரசவ லீவு முடிய இன்னும் பத்து நாள்தான். காலை ஆறு மணிக்கு டூட்டி, கூட வேலை செய்கிற ஒரு பெண் வண்டியில் வந்து கூட்டிப் போவாள். குழந்தைகள் காப்பகத்தையோ ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். நடந்து போகிற தூரமும் இல்லை, அந்தப் பக்கம் பஸ்ஸும் இல்லை. குழந்தையைக் காரில் கொண்டுபோய் விட ஓர் ஆள் வேண்டும். நான் ஓட்டினால் அவள் வேலைக்குப் போவாள், இல்லாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். வண்டி இன்சூரன்ஸில் என் பெயரைக்கூட எழுதி வைத்துவிட்டாள். எனக்கும் உள்ளூர ஆசைதான், சும்மா சொல்லக்கூடாது. மூன்று வருஷமாக ஸ்டியரிங் பிடிக்காத கை அரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை கிளம்பினோம். கடலோரமாக ஒரு ரோடு போகிறதாம், உலகத்திலேயே அழகான ரோடுகளில் அதுவும் ஒன்றாம், வேலைக்குப் போய்விட்டால் அப்புறம் எங்கே பார்க்கப் போகிறோம் என்றாள். போகிற வழியில் நீயும் கொஞ்சம் ஓட்டிப் பார், காப்பகத்துக்குப் போகிற வழியிலும் இதே மாதிரி மேடும் வளைவும் இருக்கிறது என்றாள். இது பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. மலையையே கரைத்துக் குடித்தவனுக்குப் பரீட்சையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

குழந்தையின் தள்ளுவண்டியை டிக்கியில் வைக்கும்போது அடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பலகை கிடந்தது. கறுப்பில் பெரிதாக எல் எழுத்து. இவள் இங்கே வந்து வண்டி பழகின காலத்துப் பலகை. இதை இன்னும் தூக்கிப் போடலையா என்று கிண்டல் பண்ணினேன். இருக்கட்டும் என்றாள். பதினெட்டு வயசில் என்னிடம்தான் கேட்டாள், கார் ஓட்டச் சொல்லிக்குடு என்று. எதிரே வருகிறவனைப் பார்த்து ஓட்ட நெஞ்சு வேண்டும், அது உனக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்குக் காசு கட்டித்தான் பழகினாளாம்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பிரேக் மிதித்த காலையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து நான் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். வளைவில் ஏன் ஹாரன் அடிக்கவில்லை, ஏன் இவ்வளவு ஓரமாகப் போகிறாய் என்று தொணதொணத்துக்கொண்டும் வந்தேன். இங்கே ஹாரன் அடித்தால் திட்டினதாக அர்த்தம் நைனா என்றாள். அப்புறம் என் காலைப் பார்த்து, அங்கே பிரேக் இல்லை என்றாள். அவ்வளவு பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, என் வம்சத்தில் யாருக்கும் கிடையாது.

கடல் அழகுதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இடது பக்கம் செங்குத்தாகப் பாறை, கீழே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர், வலது பக்கம் மலை. ஆனால் எத்தனை நேரம்தான் பார்ப்பது. அரை மணிக்கு ஒரு தரம் குழந்தை அழுதது. நிறுத்தி, பால் கொடுத்து, துணி மாற்றி, மறுபடி பெல்ட்டில் கட்டிப் போட்டு, பத்து மைல் போவதற்குள் மறுபடி அழுகை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் இறங்கி ஓடி ஓடி போட்டோ எடுத்தார்கள். நான் இறங்கவே இல்லை. முந்தின ராத்திரி மூன்று மணிவரை குழந்தையைத் தோளில் போட்டு நடந்த இடுப்பு, இறங்காதே என்றது.

மதியம் ஒரு மேட்டில் நிறுத்திப் புளிசாதம் தின்றோம். தின்ற கையோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண் திறந்து பார்த்தால் அவளும் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இந்தப் பெண்ணை இப்படிப் பார்க்கவா படிக்க வைத்தேன். எழுந்ததும் சாவியை என் கையில் வைத்தாள்.

"நீ ஓட்டு நைனா. எனக்குக் கண்ணு சொருகுது."

கிளட்ச் இல்லாத வண்டி, இடது காலுக்கு வேலையே இல்லை. அலிபிரியில் மலை ஏறத் தொடங்கும்போது நான் கோவிந்தா என்று ஒரு குரல் கொடுப்பேன், பஸ் மொத்தமும் திருப்பிச் சொல்லும். அப்புறம் வளைவுக்கு வளைவு ஜனங்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். பழக்கம் விடுமா, அங்கேயும் கோவிந்தா என்றேன். மகளும் சொன்னாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட லீவு விட்டால் என் பஸ்ஸில் எஞ்ஜின் மூடிப் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஏறி இறங்கினவள் அவள்.

நேர் ரோட்டில் அழகாகத்தான் ஓட்டினேன். இடது ஓரம், அளவான வேகம். புத்தூருக்கும் சத்தியவேட்டுக்கும் ஆரம்பத்தில் நாலு வருஷம் ஓட்டினவன், எதிர்வண்டி தெரியாதவன் இல்லை. குழந்தை தூங்கிப் போயிற்று. நீ ஓட்டினால் எனக்கும் தூக்கம் வருகிறது என்றாள் மகள். மலை பஸ்ஸில் ஜனங்கள் சொல்வதை அவள் வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்து, திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கள் டூட்டிக்கு வருகிறேன் என்று மேலதிகாரிக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். தாராளமாகச் சொல்லு என்றேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது ரோடு மேடேறி வலது பக்கம் திரும்பியது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலைச்சுவர், வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தைக் கண்டால் மலையை ஒட்டிப் போ என்று முப்பத்தோரு வருஷம் படித்த கை, என்னைக் கேட்கவில்லை. ஒரு நீள ஹாரன் அடித்தேன். ஹாரன் அடித்தாயிற்று, ரோடு நம்முடையது என்று வலது பக்கம் சுவரை ஒட்டி வளைத்தேன். ஒரு நொடி கூட அது தப்பு என்று தோன்றவில்லை. சரியாகச் செய்கிறோம் என்ற சந்தோஷம்தான் இருந்தது, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எதிரே வெள்ளையாக ஒரு பெரிய வேன், வீடு மாதிரி.

"லெப்ட்டு நைனா."

கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சொல்கிற குரலில் சொன்னாள். கை கேட்டது. ஒடித்தேன். வேன் எங்களை உரசாமல் ஒரு சாண் தள்ளிப் போனது. அந்த டிரைவரின் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் இடது சக்கரம் ரோட்டுக்கு வெளியே ஜல்லியில் இறங்கி மறுபடி ஏறியது. அதற்கப்பால் கடல்.

கொஞ்ச தூரத்தில் வண்டிகள் நிறுத்துகிற இடம் இருந்தது, நிறுத்தினேன். மகள் இறங்கிப் பின்கதவைத் திறந்து, குழந்தையின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். குழந்தை முழிக்கவே இல்லை. அவள் அப்படியே பின்சீட்டில் உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி வந்து போனை நீட்டி, எங்களை ஒரு படம் எடுங்கள் என்று சைகை காட்டினார்கள். எடுத்தேன். படம் ஆடிப்போயிருந்தது, வாங்கிப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள்.

ஊரில் என் அலமாரியில் ஒரு கேடயம் இருக்கிறது. விபத்தே இல்லாமல் ஓட்டினதற்குக் கொடுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். எதிரே ஒருத்தனும் வராத ரோட்டில் ஓட்டி வாங்கின கேடயம் என்று அன்றைக்கு அந்த மேட்டில் நின்றபோதுதான் உறைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. யானை தன் பேத்தியையும் முதுகில் வைத்துக்கொண்டல்லவா சறுக்கப் பார்த்தது.

மகளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மலைப்பக்கம் ஒட்டினது மறதியில்லை, தூக்கமில்லை, பழக்கம் என்றேன். சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் தலையாட்டினாள்.

"தெரியும் நைனா. அந்த பஸ்ஸுல உக்காந்துகினு வந்தவதானே நானு."

மெசேஜ் போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள். போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வர முடியவில்லை என்று எழுதிவிடுகிறேன், வேலை எங்கே போகிறது, குழந்தை பெரிசானதும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். உனக்கும் ஊருக்குப் போகணுமே, டிக்கெட் போட்டுவிடலாம் என்றும் சொன்னாள். இரண்டு மாசமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் அது.

போய் டிக்கியைத் திறந்தேன். தள்ளுவண்டியை நகர்த்தி அந்த மஞ்சள் பலகையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் பார்த்துவிட்டு, உனக்கு லைசென்ஸ் இருக்கிறது, இதை நீ வண்டியில் மாட்டக்கூடாது நைனா என்றாள்.

"வெளிய மாட்டல. என் கண்ணுக்கு எதிர்ல வெச்சிக்கிறேன். வர முடியலன்னு மெசேஜ் அனுப்பாத. எதிர்ல வர்றவன பாத்து ஓட்டறது எப்பிடின்னு எனக்கு சொல்லிக்குடு."

அவள் மூக்கை உறிஞ்சினாள், போனைப் பைக்குள் போட்டாள். நாளைக்கு மாப்பிள்ளை வந்துவிடுவார், குழந்தை அவரிடம் இருக்கட்டும், தினம் காலையில் ஆறு மணிக்கு நாம் இரண்டு பேரும் காப்பகம் வழியில் போய் வரலாம், ஒரு வாரம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் அப்போது எழுதுகிறேன் என்றாள். சரே என்றேன். இன்றைக்கு நான்தான் ஓட்டுவேன் என்றாள். அதற்கும் சரே என்றேன்.

இடது சீட்டில் உட்கார்ந்து, பலகையைக் கண்ணாடிக்கு அடியில் என் பக்கம் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டேன். வந்த வழியே திரும்பினோம். இப்போது மலை எங்கள் பக்கம், கடல் அந்தப் பக்கம். முதல் வளைவு வந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"வளைவு வருது நைனா. எதிர்ல யாரோ வர்றாங்கன்னு வெச்சிக்கோ. எங்க இருக்கணும்?"

"லெப்ட்டு" என்றேன்.

அடுத்த வளைவிலும் கேட்டாள். அதற்கடுத்த வளைவிலும் கேட்டாள். அலுப்பில் எனக்குக் கண் மூடிக்கொண்டு போனது, அவளுக்கும் குரல் கம்மிவிட்டது, ஆனாலும் விடவில்லை. என் பஸ்ஸில் ஜனங்கள் வளைவுக்கு வளைவு கோவிந்தா சொன்ன மாதிரி, அந்த ரோடு முடிகிறவரை ஒரு வளைவு பாக்கியில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன்.